பதினாறாவது ஆள்

எட்டு வருஷம் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். அந்த எட்டு வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் கணக்கு வாத்தியார். பூஜ்யம் என்று சொன்னால் அது பூஜ்யம்தான்.

பள்ளிக்கூடம் திண்டிவனத்தில். எனக்கு வீடு விழுப்புரம், தினமும் பாசஞ்சரில் போய் வருவேன். அவர் கோலியனூரிலிருந்து ஒரு பழைய மொபெட்டில் (அதை உட்காருவதில் நான் சேர்க்கவில்லை) ஸ்டேஷனுக்கு வந்து அதே வண்டியைப் பிடிப்பார். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று வண்டி ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டு போகும். பெட்டியில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். இவர் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆரம்பத்தில் நானும் நாகரிகத்துக்காக "உட்காருங்க சார்" என்று தினம் சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல சார், நீங்க ஒக்காருங்க" என்பார். ஒரு வாரத்தில் எனக்கு அலுத்துவிட்டது.

அவர் எங்கள் பி.டி. வாத்தியார். கால்பந்து ஆட்டக்காரர். சென்னையில் பெரிய டீமில் ஆடியவர் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்களிடம் பகுதிநேர வேலைதான், வாரத்துக்கு மூன்று அரை நாள் வந்தால் போதும். அவர் ஐந்து நாளும் முழுசாக வருவார். காலை ஏழு மணிக்கு மைதானத்தில் விசில் சத்தம் கேட்டால் அவர் வந்துவிட்டார் என்று ஊருக்கு அர்த்தம். மே மாதம் சம்பளம் கிடையாது என்பதால் அந்த ஒரு மாதம் அப்பாவோடு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வயலில் நிற்பார். அங்கேயும் நிற்பதுதான்.

ஸ்டாஃப் ரூமில் அவருக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அதில் வலைப்பையில் கட்டிய பந்துகள் உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டில் குனிந்து நின்றே கையெழுத்துப் போடுவார். சக ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குக் கூப்பிட்டதும் மனுஷன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார். பெண் வீட்டார் இவரைச் சமையல்காரர் ஆள் என்று நினைத்து, ரசம் ஏன் இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டார்கள். இவரும் ஜல்தியாக ஓடிப்போய் ரசம் கொண்டு வந்தார்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். முட்டியில் இரும்புக் கம்பி வைத்துத் தைத்திருக்கிறது, மடக்கினால் உடைந்துவிடும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றார் அலுவலக உதவியாளர். எங்கள் தமிழம்மா, விவரமான அம்மா, இது மூலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று முடிவு கட்டி, தினமும் மதியம் ஒரு டம்ளர் மோர் அவருக்கு அனுப்பிவைத்தார். எதற்கு வருகிறது என்று தெரியாமலே மூன்று வருஷம் அந்த மோரைக் குடித்தார். நின்றுகொண்டேதான்.

ஒரு முறை மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். ஆசிரியர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேச ஆரம்பித்தார். இவர் சுவரோரம் நின்றார். அதிகாரி மூன்று தடவை உட்காரச் சொன்னார். மூன்று தடவையும் "இருக்கட்டுங்க" என்றார். அதிகாரிக்கு ஏதோ போலிருந்திருக்க வேண்டும், அவரும் எழுந்து நின்று பேசினார். அதிகாரி நிற்கும்போது நாங்கள் எப்படி உட்கார்ந்திருப்பது? எல்லோரும் எழுந்தோம். வழக்கமாக ரெண்டு மணி நேரம் இழுக்கும் கூட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமே அவரைக் கும்பிட்டது.

இனி என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். பி.டி. பீரியடைத் திருடுகிற கணக்கு வாத்தியார் தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. எங்கள் பள்ளியில் அது நான்தான். பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியடும் பி.டி. வியாழக்கிழமையே போய் அவரிடம் தலையைச் சொறிவேன். போர்ஷன் முடியவில்லை, அரைப் பரீட்சை வருகிறது, ரிசல்ட் போனால் ஹெச்.எம். என்னைத்தான் கேட்பார் என்று என்னிடம் ஒரு பாட்டு தயாராக இருக்கும். அவர் பகுதிநேரம், நான் பொதுத்தேர்வு வாத்தியார். மாட்டேன் என்று அவரால் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். "எடுத்துக்கங்க சார்" என்பார். டீமில் இருக்கிற பெண்களை மட்டும் விடச் சொல்லிக் கேட்பார். நான் தாராள மனசோடு, பாஸ் ஆகிறவர்களை விட்டுவிடுவேன். தேறாத கேஸ்களை விடமாட்டேன்.

அப்படித் தேறாத கேஸ்தான் கௌசல்யா. மயிலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். வாயைத் திறந்து பேசாது. காலை ஏழு மணிக்கு மைதானத்தில் முதல் ஆளாக நிற்கும், கணக்கு நோட்டில் கடைசி ஆளாக நிற்கும். டீமில் பதினாறு பேர். ஆடுவது பதினொன்று, மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து. இவள் பதினாறாவது. வெள்ளிக்கிழமை மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடும்போது இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடம் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் மைதானத்தில் ஒரு கூத்து நடக்கும். மைதானத்தை ரெண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் ரெண்டு ஆட்டம் விடுவார். இந்தப் பக்கம் அவர் விசில் ஊதுவார், அந்தப் பக்கம் டீம் கேப்டன் ஊதுவாள். ரெண்டு விசிலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரைச்சலில் பாடம் நடத்த முடியவில்லை என்று ஒரு நாள் சண்டைக்கே போனேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். மாவட்டப் போட்டி என்றால் ஒரே மைதானத்தில் இங்கே கால்பந்து, அங்கே கபடி, அதற்கப்பால் கோ-கோ என்று நடக்கும். எங்கோ ஊதுகிற விசிலுக்கு நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. தன் ரெஃப்ரி ஊதினாரா என்று பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதைப் பழக்குகிறாராம். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. மெதுவாக ஊதச் சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய டீமுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கூட்டிக்கொண்டு போன பதினாறு பேரும் ஆடியாக வேண்டும். பள்ளிக்கூட ஆட்டங்களில் ஐந்து பேரை மாற்றலாம், அந்த ஐந்தையும் மாற்றிவிடுவார். ஜெயித்தாலும் மாற்றுவார், தோற்றாலும் மாற்றுவார். இதனாலேயே ஒரு வருஷம் நன்றாக ஆடிக்கொண்டிருந்த டீம் காலிறுதியில் உதை வாங்கியது. ஹெச்.எம். கூப்பிட்டு, நன்றாக ஆடுகிறவர்களை வெளியே எடுப்பானேன், மற்றவர்கள் பெஞ்சில் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கடிந்துகொண்டார்.

"பெஞ்சுல ஒக்கார வைக்கத்தான் கிளாஸ் ரூம் இருக்குதே சார். கிரவுண்டுலயும் எதுக்கு?" என்றார் இவர்.

ஹெச்.எம். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

காரணம் எனக்கு ஐந்தாவது வருஷம்தான் தெரியவந்தது. ஒரு சாயங்காலம் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி பேரணியில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் அசையவில்லை. பெட்டியில் நாங்கள் ரெண்டு பேர்தான். சும்மா பேச்சுக்கு, சென்னையில் எத்தனை மேட்ச் ஆடியிருப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட ஆடல சார்" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. டீமில் எடுத்தது நிஜம். மூன்று சீசன் இருந்ததும் நிஜம். மூன்று சீசனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். முதல் முறை பேப்பரில் கடைசி வரியில் இவர் பெயர் வந்ததும் ஊரே பூரித்துப்போய், கோலியனூரிலிருந்து ரெண்டு வேன் பிடித்து ஆட்டம் பார்க்கக் கிளம்பி வந்திருக்கிறார்கள். இவர் முகத்தைப் பெரிதாக அடித்த பேனர் வேறு. கோச் எப்படியும் கடைசியில் இறக்கிவிடுவார் என்று கோட்டோரம் ஓடி ஓடி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டே இருந்தாராம். ஓடிவிட்டு வந்து உட்காருவார், மறுபடி ஓடுவார். கோச் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்து ஊர்க்காரர்கள் பேனரைச் சுருட்டினார்கள். அப்பா கிட்டே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாராம்.

"எங்கப்பாருக்கு ஃபுட்பால் தெரியாது சார். ஏம்ப்பா, ஒடம்பு சரியில்லியா, எல்லாரும் ஆடறாங்கோ நீ மட்டும் ஒக்காந்துக்கினு இருக்கியேன்னு கேட்டாரு. ஆமாம்ப்பா, ஜொரம்னு சொல்லிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அவரைச் சென்னை டீம் பிளேயர் என்றுதான் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை. அப்பா இருக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு அவரை நான் உட்காரச் சொன்னதே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பீரியடை மட்டும் வழக்கம்போலக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வெட்கங்கெட்டதனத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம்தான் எங்கள் பெண்கள் டீம் மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆட்டம் விழுப்புரத்தில். இதில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. விழுப்புரத்தில் ஒரு பெரிய தனியார் பள்ளியின் தாளாளர் இவருடைய டீமைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பியிருந்தார். முழுநேர வேலை, பன்னிரண்டு மாதமும் சம்பளம், வீட்டிலிருந்து மொபெட்டில் இருபது நிமிஷம். இறுதியாட்டத்துக்கு அவரே நேரில் வருவார், ஜெயித்தால் அந்த வாரமே ஆர்டர். இவர் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. அவர் வீட்டம்மா இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ரயிலில் நின்றபடியே வாயைத் திறக்காமல் வந்தார். அதிலேயே எவ்வளவு ஆசை என்று தெரிந்தது.

பெண் பிள்ளைகளுக்குத் துணையாகத் தமிழம்மா வந்தார். உள்ளூர்க்காரன் என்ற முறையில் நானும் போனேன். கூரைப்பந்தலில் தாளாளர் இளநீரோடு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியிலேயே எங்கள் பிள்ளைகள் ஒரு கோல் போட்டார்கள். நான் எழுந்து கத்தியதில் என் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொருவராக நாலு பேரை மாற்றினார். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது கௌசல்யாவைக் கூப்பிட்டார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சட்டத்தைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எட்டு நிமிஷம்தான், அந்தப் பெண்ணே ஒன்றும் நினைக்காது, பந்தலில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கௌசல்யா கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடுவாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். "அந்தப் பொண்ணோட அம்மா வந்து நின்னுக்கினு இருக்குது சார்" என்றார். அங்கே பார்த்தேன். வேலிக்கு வெளியே, வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நின்றிருந்தது. நான் திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே போனவள் நன்றாகத்தான் ஆடினாள். ரெண்டு தடவை குறுக்கே போய்ப் பந்தை வெளியே தட்டிவிட்டாள். அந்த அம்மா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டது. ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம். பந்து எங்கள் கோலுக்கு முன்னால் கௌசல்யாவின் காலடியில் இருந்தது. அப்போது பக்கத்துக் கபடி ஆட்டத்தில் நீளமாக ஒரு விசில் கேட்டது. கௌசல்யா நின்றாள். குனிந்து பந்தை ரெண்டு கையாலும் எடுத்து, மரியாதையாக ரெஃப்ரியிடம் கொடுக்க நடந்தாள்.

கோல் எல்லைக்குள் கையால் தொட்டால் எதிரணிக்குப் பெனால்டி. நம்மவர்கள் யாரும் குறுக்கே நிற்காமல், கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து அடிக்கிற அடி. அடித்தார்கள், கோல். ஆட்டம் சமனாகி டை பிரேக்கருக்குப் போனது. அதில் தோற்றோம்.

உள்ளே இருந்த மற்ற பத்துப் பேரும் அந்த விசிலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அவர்கள் வெள்ளிக்கிழமை மைதானத்தில் இருந்தவர்கள். இவள் என்னோடு வகுப்பறையில் இருந்தவள். மணி அடித்தால், விசில் அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அன்றைக்குத் தோற்றது என்னால்தான். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவரிடமே சொன்னேன். "வுடுங்க சார்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, அழுதுகொண்டிருந்த கௌசல்யாவிடம் போனார். நன்றாக ஆடினாய், விசில் எங்கேயாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், இனிமேல் நம்ம ஆள் ஊதினாரா என்று பார் என்று மட்டும் சொன்னார். பந்தலில் தாளாளர் நாற்காலி காலியாக இருந்தது.

பிள்ளைகளைத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விட சாயங்கால வண்டியில் ஏறினோம். கௌசல்யாவும் அவள் அம்மாவும் தமிழம்மா பக்கத்தில். நாங்கள் ரெண்டு பேரும் கதவோரம். அன்றைக்கு நானும் அவரோடு நின்றேன், உட்கார மனசு வரவில்லை. வண்டி விக்கிரவாண்டியில் நிற்கும்போது அவர் போன் அடித்தது. தாளாளர். ஸ்டேஷன் இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாஸ்டர், டீம நல்லா வச்சிருக்கீங்க. தோத்தது போவட்டும், அது பெரிசில்ல. கடைசி நேரத்துல அந்தப் பொண்ண எறக்குனீங்களே, அதத்தான் கமிட்டில கேக்கறாங்க. யாருக்காவது கால்ல சதை புடிச்சிக்கிச்சா? வேற வழியில்லாம எறக்குனீங்களா? அப்டின்னா சொல்லுங்க, மத்தத நான் பேசிக்கிறேன்."

இதைவிட அகலமாக ஒரு மனிதர் கதவைத் திறந்து வைக்க முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். நான் அவருக்கு எதிரில் போய் நின்றேன். குனிந்து என் கெண்டைக்காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, நொண்டிக் காட்டினேன். கௌசல்யாவுக்காக வெளியே எடுத்த பெண்ணைக் காட்டி மறுபடி கெண்டைக்காலைப் பிடித்தேன். தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். என் வாழ்நாளில் ஒரு பொய்க்கு அவ்வளவு பாடுபட்டதில்லை. அவர் என்னை நன்றாகப் பார்த்தார். அப்புறம் உள்ளே கௌசல்யா இருந்த பக்கம் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலீங்க. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஆடாம இருந்துச்சு. அதான் எறக்குனேன்."



"ஜெயிச்சிக்கினு இருக்கும்போதா மாஸ்டர்?"

"எப்பவும்தாங்க."

"சரிங்க மாஸ்டர். பாப்போம்."

பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியாமலில்லை. அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டி நகர்ந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபம் அத்தனையும் பாசம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. நான் இன்னும் கெண்டைக்காலைப் பிடித்தபடியே குனிந்து நின்றிருந்தேன். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா, பாவம் அந்த சாருக்கு என்னவோ ஆயிடுச்சு பாருங்க என்றது.

அவர் கிட்டே வந்தார். "இன்னா சார், புடிச்சிக்கிச்சா?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆமா சார்" என்றேன்.

பக்கத்து சீட்டில் என்னை உட்கார வைத்து, குனிந்து, என் செருப்பைக் கழற்றினார். குதிகாலை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் கால்விரல்களை மெல்ல மேலே வளைத்துப் பிடித்தார். காலில் எனக்கு ஒரு வலியும் இல்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்" என்றார், "வுட்டுடும்."